வேகத்தடைக்கு ஒரு ஸ்பிரிங், வளைவுக்கு ஒரு ஸ்பிரிங்

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் எழுதிவைத்த அளவு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற நெறிமுறையின்படி அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், மேல்வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிற வண்டி அதிகம் அலுங்காமல் ஏறி இறங்கிவிட வேண்டும். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு சின்னக் காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர்தான். ஆகவே அளவுப்படி கட்டிய வேகத்தடையில் ஒரு கணம் நான்கு சக்கரமும் மேட்டின்மேலேயே இருக்கும். அந்தக் கணத்தில் காரின் வயிற்றை நோக்கி மேடு எழும்பி வருவது 10 சென்டிமீட்டர் அல்ல, 4.4 சென்டிமீட்டர். வட்டத்தின் ஆரமும் நாணும் தெரிந்தால் பத்தாம் வகுப்புப் பையன்கூடப் போட்டுவிடும் கணக்கு இது.

சங்கரன்கோவிலைச் சுற்றிப் புளியங்குடிப் பக்கமோ கழுகுமலைப் பக்கமோ காரை எடுத்தவர்களுக்கு, இந்த 3.7 மீட்டர் ஏதோ வெளிநாட்டு அளவுபோலத் தோன்றும். ஊர் முகப்பில் இரண்டு சட்டி கலவையைக் கொட்டித் தட்டிவிட்டது போன்ற மேடு நிற்கும். அகலம் ஒரு முழம். முன்சக்கரம் தாண்டி இறங்கிவிடும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, மேட்டின் முழு உயரமும் இரண்டுக்கும் நடுவே வயிற்றைத் தேடி வரும். உயரம் அதே 10 சென்டிமீட்டர்தான். ஆனால் அகலம் சுருங்கியதால் கார் இழக்கும் இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல்.

இந்தச் சாலைகளில் வாரம் முழுக்க ஓடுகிற காரையே, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓட்டிப்போய், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நாலு சுற்று விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு இளைஞனுக்கு ஆசை வந்தால் என்ன செய்வது? ஆசை ஒன்றும் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் அம்பாசடரும் பியட்டும் ஹெரால்டும் சீறிய காலத்திலிருந்து வருகிறது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் வந்தது. 2003-ல் செட்டிபாளையம் தடம் வந்தது, நீளம் 2.1 கிலோமீட்டர். அதற்குப் பெயர் தந்த கரிவரதன், 1980-களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே செய்தவர். இறக்குமதிக் காருக்குக் காசில்லாதவனும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். கையைக் கடிக்காமல் வேகம் பழகுவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு மரபே இருக்கிறது என்று சொல்லலாம்.

அந்த இளைஞனின் கண் முதலில் போய் நிற்கும் பொருள் காயில்ஓவர், அதாவது ஷாக் அப்சார்பரின்மேலேயே ஸ்பிரிங்கைக் கோத்த அமைப்பு. நண்பர்கள் வட்டத்திலும் அதுதான் பேச்சு. பெட்டியைத் திறந்தால் மினுமினுவென்று இருக்கும். ஷாக் அப்சார்பரின் குழாய் முழுக்கப் போல்ட்டில் இருப்பதுபோல மரை வெட்டியிருப்பார்கள். அதில் இரண்டு அலுமினிய வளையங்கள், மேல் வளையத்தின்மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், கீழ் வளையம் அதைப் பூட்டிவைக்கும். கொக்கி போன்ற ஸ்பேனரை வளையத்தின் பள்ளத்தில் மாட்டித் திருகினால் ஸ்பிரிங்கின் இருக்கை ஏறும் இறங்கும், கூடவே காரும். தண்டின் உச்சியில் ஒரு சின்னக் குமிழ். திருகினால் ‘டிக் டிக்’ என்று சத்தம். 16 டிக், 30 டிக், 32 டிக் என்று கம்பெனிக்குக் கம்பெனி எண்ணிக்கை மாறும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்பதும் அந்த எண்ணிக்கைதான்.

உயரம் மாற்றும் வளையம், டிக் சொல்லும் குமிழ், இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற சரக்கு. கண்ணுக்குத் தெரியாதது உள்ளே இருக்கிறது. அதற்கு வரும் முன் ஸ்பிரிங்கைப் பார்த்துவிடலாம்.

ஸ்பிரிங் எவ்வளவு பாரம் தாங்குகிறதோ அவ்வளவு அமுங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-லேயே அச்சில் போட்டுவிட்டார். அதிலிருந்து கிடைக்கும் ஒரு சூத்திரம் எனக்கு எப்போதும் வியப்புத் தருவது. காரின் எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். கிடைப்பது, அந்தக் கார் வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்ற எண். காரின் எடை என்ன, ஸ்பிரிங் எந்தக் கம்பி, எந்த நாட்டுச் சரக்கு, எதுவும் தெரிய வேண்டாம். அமுங்கல் ஒன்று போதும். எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் அமுங்கலுக்குள்ளேயே கரைந்துபோய்விடுகின்றன, மிஞ்சுவது புவியீர்ப்பு மட்டும். அந்த 5-கூடப் புவியீர்ப்பிலிருந்து வருவதுதான்.

ஒரு சின்னக் காரின் முன் மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 250 கிலோ என்று வைப்போம். கம்பெனி ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்பு உள்ளது என்றால் 12 சென்டிமீட்டர் சொச்சம் அமுங்கும், ஆட்டம் வினாடிக்கு 1.4. மலிவுக் காயில்ஓவர் பெட்டியில் அடிக்கடி காணக்கிடைக்கும் 6 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டால் அமுங்கல் 4 சென்டிமீட்டர் சொச்சம், ஆட்டம் 2.4. கேட்டால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 வரையிலானவற்றையே அதிகம் வெறுக்கிறது என்பது ஐ.எஸ்.ஓ. 2631 தர அளவில் பதிவான செய்தி. குடலும் முதுகும் அந்த வேகத்தில்தான் கூட ஆடும். அந்த வரம்பிலுள்ள அதிர்வில், ஷாக் அப்சார்பரைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 6 கிலோ ஸ்பிரிங் உள்ளே விடுவது கம்பெனி ஸ்பிரிங்கைப்போல் மூன்று மடங்குக்கு மேல். முதல் வாரம் வீரம், இரண்டாம் வாரம் வீட்டில் யாரும் அந்தக் காரில் ஏற மாட்டார்கள்.

இங்கே நம் மண்ணும் வந்து சேர்ந்துகொள்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் போகப் போகக் கரிசல். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் மழையில் தண்ணீரைக் குடித்து ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே என்னதான் தார் போட்டாலும் கீழே மண் ஆண்டுக்கொரு முறை மூச்சுவிட்டுக்கொண்டே இருக்க, சாலை மெதுவாக அலை அலையாகிவிடும். குழி ஒன்றும் இராது, ஆனால் கார் படகுபோல மிதக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது 12 மீட்டருக்கு ஒரு அலை வந்தால் அது வினாடிக்கு 1.4 தட்டு. நாம் மேலே பார்த்த கம்பெனி ஸ்பிரிங்கின் ஆட்டம் அதேதான். விறைத்த 6 கிலோ ஸ்பிரிங்கோ 7 மீட்டர் அலைக்குத்தான் அப்படி ஆடும். சாலை எந்தத் தாளத்தில் தட்டுகிறது, கார் எந்தத் தாளத்தில் ஆட விரும்புகிறது, இரண்டும் எந்த வேகத்தில் ஒத்துப்போகின்றன என்பதுதான் விஷயம். ஒத்துப்போன இடத்தில் ஆட்டத்தை அடக்குவது ஸ்பிரிங்கின் வேலை அல்ல. அதற்குத்தான் டேம்பர், ஊர்ப் பேச்சில் ஷாக் அப்சார்பர்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே அதற்குப் பொருந்தாது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளுவதுதான் இந்தக் குழாய். எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகள், அவற்றின்மேல் தாள்போல மெல்லிய எஃகு வட்டுகளின் அடுக்கு. பிஸ்டன் நகர்ந்தால் எண்ணெய் அந்த வட்டுகளை வளைத்துப் பிதுங்கிக்கொண்டு போக வேண்டும். பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால், 6 கிலோ ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான டேம்பர் ஒன்றில் ஏறத்தாழ 90 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரத்துக்கு மேல், கையகலக் குழாய்க்குள் சூடாக. நான்கு சக்கரத்துக்கும் நான்கு.

செட்டிபாளையத்தில் தார் மட்டமாக இருக்கும். அங்கே கார் சாயும், மூக்கு குனியும், ஆனால் பிஸ்டன் நகர்வதெல்லாம் வினாடிக்குச் சில சென்டிமீட்டர்தான். உடைந்த சாலையில் குழியின் விளிம்பில் சக்கரம் விழும்போது அதே பிஸ்டன் வினாடிக்கு ஒரு மீட்டரையும் தாண்டும். வெப்பம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே டிராக்குக்காக என்று வாங்கும் டேம்பர் அதிகம் சூடாவது டிராக்கில் அல்ல, அங்கே போய்ச் சேரும் வழியில். தயாரிப்பாளர்கள் படத்தில் காட்டுவது வளைவில் சீறும் காரை. காட்ட வேண்டியது ஆள் ஏற்றிய காரோடு ஜூன் மாத மத்தியானத்தில் ஒரு தாலுகாச் சாலையை.

எண்ணெய் சூடானால் இளகும், இளகினால் எதிர்ப்புக் குறையும். அதைவிட மோசம், எண்ணெயில் காற்றுக் குமிழ் சேர்ந்து நுரைப்பது. நுரையை அமுக்கலாம், அதனால் டேம்பர் அந்தக் கணத்தில் வெறும் குழாய். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்பன் 1953-ல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரே குழாய், அதில் மிதக்கும் தடுப்பு ஒன்று, தடுப்புக்கு அப்பால் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன். வாயு எந்நேரமும் எண்ணெயை நெருக்கிக்கொண்டே இருப்பதால் நுரை வருவது கடினம், குழாயின் சுவரே நேராகக் காற்றில் இருப்பதால் சூடும் சீக்கிரம் இறங்கும். ஒற்றைக்குழாய் வகை என்று சொல்வது இதைத்தான். இரட்டைக்குழாய் வகையில் உள்குழாய் ஒன்று, வெளிக்குழாய் ஒன்று. விலை குறைவு, வெளிக்குழாயில் கல்பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும், சூட்டை வெளியேற்றுவதில் மந்தம்.

அப்படியென்றால் ஒற்றைக்குழாய்தானே வாங்க வேண்டும் என்றால், கொஞ்சம் நிற்க வேண்டும். மலிவான ஒற்றைக்குழாயில் வாயு அழுத்தத்தைத் தாங்கும் சீல்தான் உயிர். நம் செம்மண் தூசி பிஸ்டன் தண்டில் படிந்து ஏறி இறங்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுதான். ஒரு நாள் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், பட்டறையில், “ஷாக் போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்” என்பார்கள். எதை மாற்றுவது? சீலும் எண்ணெயும் கிடைக்குமா, திரும்ப நைட்ரஜன் ஏற்ற ஆள் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் கேட்காதவன், இரண்டாம் ஆண்டு புது செட்டே வாங்குவான். ஜப்பானின் டெய்ன், தைவானின் பி.சி. ரேசிங் போன்ற நடுத்தர விலைக்காரர்கள் விரும்பப்படுவதற்கு டிக் எண்ணிக்கை காரணமல்ல. உதிரி கிடைக்கும். பெயர் தெரியாத செட்டில் நாலாயிரம் மிச்சம் பிடித்து அந்த வசதியை இழப்பது நல்ல வியாபாரம் இல்லை.

டிக் குமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான ஒற்றைக் குமிழ் வகைகளில் அது திருகுவது ஒரு ஊசியை. பிஸ்டன் மெதுவாக நகரும்போது எண்ணெய் குறுக்குவழியில் போகும் பாதையை அந்த ஊசி அடைக்கும், திறக்கும். அதாவது சாய்வு, குனிவு இரண்டையும் மாற்றும். குழியில் விழும் வேகத்தில் வேலை செய்வது எஃகு வட்டுகளின் அடுக்கு, அது தொழிற்சாலையில் அடுக்கியது அடுக்கியதுதான். 32 டிக்கும் திருகிப் பார்த்தாலும் தாலுகாச் சாலையின் குழி கேட்காது. அதனால் விற்பவரிடம் எத்தனை டிக் என்று கேட்பதைவிட, டேம்பரை இயந்திரத்தில் ஓட்டி எடுத்த வரைபடம் இருக்கிறதா என்று கேட்பது உபயோகம். முதல் டிக்கிலும் கடைசி டிக்கிலும் கோடு எங்கே ஓடுகிறது, இடது வலது இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று அது காட்டிவிடும். வரைபடம் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பெனி டேம்பரை அப்படியே விடுவது இதைவிட மலிவு, ஊரில் அதிகம் நடப்பதும் அது. ஸ்பிரிங் மூன்று மடங்கு விறைத்தால் அதே அளவு அடக்கத்துக்கு டேம்பர் 1.7 மடங்கு வலுவாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வேகத்தடைக்குப்பின் கார் மூன்று நான்கு முறை துள்ளும். பார்க்கப் பந்தயக் கார், ஓட்ட மாட்டுவண்டி.

இனி உயரம். காரைத் தாழ்த்தினால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்பது எல்லோரும் நம்புவது. 1000 கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து 53 சென்டிமீட்டர், இடவலச் சக்கர இடைவெளி 1.48 மீட்டர், வளைவில் 0.9 ஜி என்று கணக்குப் போட்டால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம் 322 கிலோ. 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 304. இவ்வளவு பாடுபட்டு மிச்சம் 18 கிலோ. அதற்கும் ஒரு விலை உண்டு. நம் சின்னக் கார்களின் முன்பக்கம் எர்ல் மெக்பர்சன் வகுத்த ஸ்ட்ரட் அமைப்பு, 1950-ல் பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. அதில் காரைத் தாழ்த்தும்போது கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்து, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலான நெம்புகோல் நீளும். கார் முன்பைவிட அதிகம் சாய முயலும், அதைத் தடுக்க இன்னும் விறைத்த ஸ்பிரிங் வேண்டும். அழகுக்காகத் தாழ்த்துகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, அது வளைவுக்காக என்று சொல்லும்போதுதான் சிரிப்பு வரும்.

வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கினால் விறைப்பு கூடும் என்று நினைப்பவர்களும் உண்டு. கூடாது. நேர்ப்போக்கு ஸ்பிரிங் தாங்கும் எடை அதேதான், அமுங்கலும் அதேதான், கார் உயர்ந்து நிற்கும், அவ்வளவே. இங்கே கவனிக்க வேண்டியது பயணத்தூரம். ஸ்பிரிங்கின் இருக்கையை மட்டும் இறக்கித் தாழ்த்தும் வகையில், பிஸ்டன் கீழே போக மிச்சமுள்ள இடமும் அதே அளவு குறையும். 8 சென்டிமீட்டர் இருந்தது 4 ஆகிவிடும், அதன்பின் பம்ப் ஸ்டாப் ரப்பர், அதன்பின் உலோகம். அடிப்பக்கத் தாங்கியே மரையில் ஏறி இறங்கும் இன்னொரு வகையில், உயரம் மாறினாலும் பிஸ்டனின் பயணம் அப்படியே இருக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் நம் சாலைக்கு இந்த இரண்டாவது வகைதான். பின்பக்கம் ஸ்விஃப்ட், போலோ போன்றவற்றில் ஸ்பிரிங் தனி, டேம்பர் தனி. அங்கே காயில்ஓவர் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் வருவது உயரம் மாற்றும் இருக்கையும் தனி டேம்பரும்தான், ஏமாற்று அல்ல.

தாழ்த்தாத ஸ்விஃப்ட்டின் அடிக்கும் தரைக்கும் 163 மில்லிமீட்டர். நான்கு மூலையிலும் 2 கிலோ ஸ்பிரிங் என்று வைத்தால், நான்கு பேர் ஏறியதும் 35 மில்லிமீட்டர் உட்கார்ந்துவிடும். மிச்சம் 128. நான் பரிந்துரைப்பது முன்பக்கம் 4 கிலோ ஸ்பிரிங். அமுங்கல் ஆறேகால் சென்டிமீட்டர், வர்க்கமூலம் இரண்டரை, ஆட்டம் வினாடிக்குச் சரியாக 2. கார் 15 மில்லிமீட்டர் மட்டும் தாழ்ந்து நிற்கட்டும். பின்பக்கமும் அதே 4 கிலோ என்று வைத்தால், நான்கு பேர் ஏறும்போது பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர்தான் அமுங்கும், மிச்சம் 130. ஆள் ஏற்றிய நிலையில் தாழ்த்திய காரும் தாழ்த்தாத காரும் ஏறத்தாழ ஒரே உயரம்! அந்த ஒரு முழ அகல மேடு 10 சென்டிமீட்டரைத் தாண்டாதவரை வயிறு தப்பும்.

காசு குறைவு என்றால் செலவை எந்த வரிசையில் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் டயர், அடுத்து பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும். டிராக்கில் நாலாவது சுற்றில் பிரேக் ஆயில் கொதித்து மிதி தரையைத் தொட்டால் எந்தக் காயில்ஓவரும் காப்பாற்றாது. அதற்குப் பிறகுதான் காயில்ஓவர். சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் அதையே உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே பேசாமல் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

பொருத்திய பிறகு, டிராக்குக்குத் தாழ்த்தி, ஊர் திரும்பும்போது உயர்த்தலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும், விளம்பரமும் அப்படித்தான் சொல்லும். மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் உயரம் மாறினால் சக்கரத்தின் உள்திருப்பமும் சாய்வும் கூடவே மாறும். ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்ஓரம் சில மாதத்தில் நூல் தெரியத் தேயும். அதனால் உயரத்தை ஒரே முறை வையுங்கள், அலைன்மென்ட் பாருங்கள், வளையத்தைப் பூட்டுங்கள், மரையில் சேறு ஏறாமல் மாதம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். குமிழை மட்டும் செட்டிபாளையத்துக்கு வெளியே நின்று திருகுங்கள். எண்ணுவது எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி. ஊசி இறுகி நிற்கும் இடம் நான்கு டேம்பரிலும் நிச்சயமான புள்ளி, தளர்ந்த முனை அப்படி அல்ல. டிராக்கில் முன்பக்கம் ஆறு டிக் பின்னால் என்று தொடங்கி, இரண்டிரண்டாக மாற்றி, ஒரு தாளில் டயர் காற்றழுத்தத்தோடு எழுதிவைத்துக்கொண்டால், மாலையில் ஊர் திரும்பத் தாராபுரம் சாலையில் ஏறும் முன் நான்கு குமிழையும் பழைய இடத்துக்குத் திருப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது.